குளிர்காலத்தின் கடைசி வாரங்களில் வீட்டாரோடு சேர்ந்து என்ன செய்தீர்கள்? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

டிசம்பரில் குளிர் வந்தபோது என் பிள்ளைகள் இருவரும் துள்ளினார்கள். பிப்ரவரியில் அதே குளிர் யாருக்கும் பிடிப்பதில்லை. விடுமுறை முடிந்துவிட்டது, புது விளையாட்டுச் சாமான்கள் பழசாகிவிட்டன, வெளியே பனி உருகிச் சேறாகி மறுபடி உறைந்து கிடக்கிறது. சாயங்காலம் ஆனால் போதும், "அம்மா, போரடிக்குது" ஆரம்பித்துவிடும். தெற்கு அரைக்கோளத்தில் இருப்பவர்கள் பிப்ரவரி என்பதை ஆகஸ்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒருநாள் கூத்தாக எதைச் செய்தாலும் அது அன்றோடு போய்விடுகிறது. சினிமா, விளையாட்டுக் கூடம் எல்லாம் நல்லவைதான். மறுநாள் காலையில் பழைய சலிப்பு அப்படியே காத்திருக்கும். "நாளைக்கு என்ன ஆகியிருக்கும்?" என்று பிள்ளைகளைக் கேட்கவைக்கிற வேலைகள்தான் எங்கள் வீட்டில் நிலைத்தன. குளிர் அசையாமல் நிற்பதுபோலத் தெரிந்தாலும் வெளிச்சம் தினமும் மாறிக்கொண்டேதான் இருக்கிறது. பூமத்திய ரேகைக்கும் துருவத்துக்கும் இடைப்பட்ட அட்சரேகைகளில் பிப்ரவரி கடைசியில் பகல் நாளொன்றுக்கு ஏறக்குறைய 2 முதல் 4 நிமிடம் நீள்கிறது. அதைக் கண்ணால் பார்க்கவைத்தால் போதும்.

நாங்கள் செய்தது இதுதான். தெற்குப் பார்த்த ஜன்னல் வழியாக நடுப்பகலில் தரையில் ஒரு வெயில் கட்டம் விழும். குளிர்காலத்தில் சூரியன் தாழ்வாக இருப்பதால் அது அறையின் உள்ளே வெகுதூரம் நீளும். ஞாயிற்றுக்கிழமை மணி பன்னிரண்டு அடித்ததும் அந்தக் கட்டத்தின் உள்விளிம்பில் கலர் டேப் ஒட்டித் தேதி எழுதுவோம். மேகம் மறைத்தால் அடுத்த வெயில் நாள். சின்னவன் தரையில் குப்புறப் படுத்து, விளிம்பு மங்கலாக இருக்கிறதே, எங்கே ஒட்டுவது என்று அக்காவோடு வாதாடுவான். வாரம் ஆக ஆக டேப் ஒவ்வொன்றும் ஜன்னலை நோக்கி நகர்ந்து வருகிறது. பிப்ரவரி பின்பாதியிலிருந்து இடைவெளி நன்றாகவே தெரிகிறது. சில நாடுகளில் மார்ச்சில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைப்பார்கள். அங்கே இருப்பவர்கள் அதற்குப் பிறகு ஒரு மணிக்கு ஒட்ட வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு குழம்பிவிடும்.

"வெளிச்சம் கூடுதே, அப்புறம் ஏன் குளிருது?" என்று பெரியவள் கேட்டாள். பகல் டிசம்பரிலேயே நீளத் தொடங்கிவிடுகிறது. ஆனாலும் நிலமும் நீரும் வாங்குகிற வெப்பத்தைவிட இழக்கிற வெப்பம் இன்னும் சில வாரங்களுக்கு அதிகமாகவே இருக்கும். அதனால்தான் குளிர் பின்தங்கி வருகிறது. இதைப் புரிந்துகொண்ட பிறகு அவள் குளிரைத் திட்டுவதைக் குறைத்துக்கொண்டாள் என்றே நினைக்கிறேன்.

உங்கள் வீட்டில் எது நடந்தது? குறிப்பாக, பதினைந்து வயதுப் பிள்ளைகளை அறையை விட்டு வெளியே கொண்டுவர யாராவது வழி கண்டிருந்தால் சொல்லுங்கள். என் அண்ணன் மகன் எங்களோடுதான் இருக்கிறான், டேப் ஒட்டுவதெல்லாம் அவனுக்குச் சின்னப்பிள்ளைத்தனம்.

* * *

அக்கா, நீங்கள் பகலைச் சொன்னீர்கள், நான் இரவைச் சொல்கிறேன். சீக்கிரம் இருட்டுகிறதே என்று எல்லாரும் நொந்துகொள்கிற மாதங்களில்தான் பிள்ளைகளோடு வானம் பார்க்க நேரம் வாய்க்கிறது. கோடையில் நட்சத்திரம் தெரிவதற்குள் குழந்தைகள் தூங்கிவிடுகிறார்கள். பிப்ரவரியில் ஏழரை எட்டு மணிக்கே வானம் தயார்.

முதலில் ஓரியன் என்கிற வேட்டைக்காரன் நட்சத்திரக் கூட்டத்தைப் பிடியுங்கள். வரிசையாக மூன்று நட்சத்திரம், அதுதான் வேட்டைக்காரனின் இடுப்புப் பட்டை. அதற்கு மேலே சிவப்பாக மின்னுவது நம் திருவாதிரை, கீழே நீலம் கலந்த வெள்ளையாக ரைஜெல். பட்டையின் கோட்டைக் கீழ்ப்பக்கமாக நீட்டினால் வானத்திலேயே மிகப் பிரகாசமான நட்சத்திரமான சிரியஸ். மேல்பக்கமாக நீட்டினால் ஆரஞ்சு நிற ரோகிணி, அதையும் தாண்டினால் கொத்தாகக் கார்த்திகை. (தெற்கு அரைக்கோளத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு மேல் கீழாக இருக்கும்; இதற்கு மட்டும் அங்கேயும் பிப்ரவரிதான், ஆகஸ்ட் இல்லை.) ஜாதகத்தில் மட்டுமே கேட்டிருந்த பெயர்களை வானத்தில் விரல் நீட்டிக் காட்டியபோது என் மனைவிக்கே ஆச்சரியம்.

எங்கள் வீட்டில் பெரிதாகப் பிடித்துக்கொண்டது வயசு நட்சத்திர விளையாட்டு. சிரியஸ் நம்மிடமிருந்து 8.6 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. இன்று நாம் பார்க்கும் அதன் ஒளி அங்கிருந்து கிளம்பி எட்டரை வருடம் ஆகிறது. என் மகனுக்கு எட்டு வயது முடிந்திருக்கிறது. "நீ பிறக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னாடி கிளம்பின வெளிச்சம்டா இது" என்றேன். தொப்பியைப் பின்னால் தள்ளிவிட்டு நிமிர்ந்து பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். அப்புறம் எல்லாருக்கும் ஒன்று வேண்டும் என்றான்.

குளிர்கால வானம் இதற்கென்றே அமைந்ததுபோல இருக்கிறது. புரோசியான் ஏறக்குறைய 11 ஒளியாண்டு, அது பெரிய மகளுக்கு. புனர்பூசத்தின் பிரகாசமான நட்சத்திரம் போலக்ஸ் 34, அது என் மனைவிக்கு. கேப்பெல்லா 43, எனக்குச் சற்றே கூடுதல், பரவாயில்லை. ரோகிணி 65, அது என் அம்மாவுக்கு. இவை ஐந்தோடு ரைஜெலையும் சேர்த்தால் வானத்தில் பெரிய அறுகோணம் ஒன்று கிடைக்கும். வெளியே வர முடியாத அம்மாவை ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்காரவைத்து, அறை விளக்கை அணைத்துவிட்டு அவர் நட்சத்திரத்தைக் காட்டினோம். இப்போது மேகம் இல்லாத ராத்திரிகளில் அம்மாதான் பிள்ளைகளைக் கூப்பிடுகிறார்.

கண் இருட்டுக்கு முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் வேண்டும். நடுவில் போனைப் பார்த்தால் எல்லாம் முதலிலிருந்து. டார்ச்சின் மேல் சிவப்புக் காகிதம் கட்டிக்கொள்ளுங்கள். காலுறை இரண்டு ஜோடி. தொலைநோக்கி வேண்டியதே இல்லை.

* * *

எங்கள் வீட்டில் ராத்திரி வாசிப்புதான். பெரிய நாவல் ஒன்றை எடுத்து, தினம் ஓர் அத்தியாயம், ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்பது. ஒரே விதி: யாரும் தனியாக முன்னால் வாசிக்கக் கூடாது. சுவாரசியமான இடத்தில் மூடிவைக்கும்போது எழுகிற கூச்சல் இருக்கிறதே, அதற்காகவே வாசிக்கலாம். போர்வையைக் கட்டிக் கூடாரம் போட்டால் சின்னதுகளுக்கு இன்னும் சந்தோஷம்.

* * *

நாங்கள் பறவை எண்ணுகிறோம். அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபான் பறவைப் பாதுகாப்பு அமைப்பும் சேர்ந்து 1998-இல் தொடங்கிய 'கிரேட் பேக்யார்ட் பேர்ட் கவுண்ட்' என்கிற பறவைக் கணக்கெடுப்பு ஒவ்வொரு பிப்ரவரி நடுவிலும் நான்கு நாள் நடக்கிறது. 2013 முதல் உலகின் எந்த மூலையிலிருந்தும் கலந்துகொள்ளலாம். குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் இருந்து, பார்த்த பறவைகளை எண்ணிப் பதிவுசெய்தால் போதும், பணம் எதுவும் கிடையாது. 15 நிமிடம் என்பது ஆறு வயதுக் குழந்தைக்கும் தாங்கும்.

எண்ணுவது அவ்வளவு லேசில்லை. ஜன்னலுக்கு வெளியே வைத்த தட்டுக்கு ஒரே பறவை போய்ப் போய் வருகிறதா, வேறு வேறா? என் மகள் அழுத்தம் திருத்தமாக "இது புதுசு" என்பாள், அவள் தம்பி "அதேதான்" என்பான். கடைசியில் ஓர் இனத்தில் ஒரே சமயத்தில் அதிகபட்சம் எத்தனை கண்ணில் பட்டதோ அதை எழுதுவது என்று முடிவுசெய்தோம். ஒன்றையே இரண்டு முறை எண்ணும் பேச்சுக்கே இடமில்லை.

அந்த நான்கு நாள் முடிந்த பிறகும் நோட்டுப் புத்தகம் ஜன்னலோரத்திலேயே இருக்கட்டும். பகல் நீள்வதைப் பறவைகளும் உணர்கின்றன. குளிர் குறைவதற்கு முன்பே சில இனங்கள் காலையில் பாடத் தொடங்கிவிடும். எந்தத் தேதியில் முதல் பாட்டுக் கேட்டது என்று எழுதிவைத்தால் அடுத்த வருடம் ஒப்பிடலாம்.

* * *

பனி பெய்கிற இடத்தில் இருப்பவர்களுக்கு என் ஓட்டு பனிக்கட்டி விளக்குக்குத்தான். பக்கெட்டில் தண்ணீர் நிரப்பிச் சாயங்காலம் வெளியே வைத்துவிட வேண்டும். வெப்பநிலை பூஜ்யத்துக்கு நன்றாகக் கீழே போகிற இரவாக இருக்க வேண்டும். தண்ணீர் பக்கத்திலிருந்தும் மேலிருந்தும் உறைந்து வரும், நடுப்பகுதி கடைசிவரை தண்ணீராகவே இருக்கும். சுவர் இரண்டு விரல் கனம் ஆனதும் பக்கெட்டைக் கவிழ்த்து, வெளியே கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றினால் கட்டி வழுக்கிக்கொண்டு வரும். அடிப்பக்கம் மெலிதாக இருக்கும். அங்கே ஓட்டை போட்டு உள்ளே இருக்கும் நீரைக் கொட்டிவிட்டு மெழுகுவத்தி வையுங்கள்.

எப்போது கவிழ்ப்பது என்பதில்தான் விளையாட்டே. எங்கள் வீட்டுக் குட்டி காலையில் பல் துலக்குவதற்கு முன்னால் பக்கெட்டைத் தட்டிப் பார்க்க ஓடுவாள். விட்டுவிட்டால் முழுதும் கட்டியாகிவிடும். அப்போதும் ஒன்றும் கெட்டுப்போகாது, உடைத்துப் பாருங்கள்: ஓரம் கண்ணாடியாக இருக்கும், நடு வெள்ளையாக இருக்கும். உறையும்போது தண்ணீரில் கரைந்திருந்த காற்று உள்பக்கமாகத் தள்ளப்பட்டு, கடைசியில் குமிழிகளாகச் சிக்கிக்கொள்வதால் வருகிற வெண்மை அது. காய்ந்த இலை, விதைக்கொத்து எதையாவது போட்டு உறையவைத்தால் விளக்கு ஏற்றும்போது இன்னும் அழகு.

பகலில் தடம் பார்க்கப் போவோம். முயல் தடத்தைக் காட்டி "எந்தப் பக்கம் போயிருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். சின்னத் தடம் இரண்டு, பெரிய தடம் இரண்டு இருக்கும். சின்னது முன்னங்கால்தானே, அதுதான் முன்னால் என்று எல்லாரும் சொல்வார்கள். முயல் தாவும்போது பின்னங்கால்கள் முன்னங்கால்களைத் தாண்டிப் போய் விழும். ஆக, பெரிய தடம் இருக்கும் பக்கம்தான் அது போன திசை. வெயில் பட்ட தடம் உருகி அகலமாகிவிடும் என்பதையும் மறக்காதீர்கள், பூனைத் தடம் ஏதோ பெரிய மிருகத்துடையது மாதிரி தெரியும்.

ஒன்றே ஒன்று, இதைக் கண்டிப்பாகவே சொல்கிறேன். இந்தப் பருவத்தில் குளம், ஏரியின் மேல் உறைந்த பனிக்கட்டியில் பிள்ளைகளை இறக்காதீர்கள். நடப்பதற்குக் குறைந்தது 10 சென்டிமீட்டர் தெளிவான கட்டி வேண்டும் என்பது பொதுவான அளவு. ஆனால் அது புதிதாக உறைந்த உறுதியான கட்டிக்கு. குளிர்காலக் கடைசியில் வெயில் பட்டுப் படிகங்களுக்கு இடையே உருகிப்போயிருக்கும்; பார்க்கக் கனமாக இருந்தும் திடீரென்று உடையும். போன மாதம் இதே இடத்தில்தானே சறுக்கினோம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

* * *

எங்கள் பக்கம் பனியே கிடையாது, ஈரமும் மூட்டமும்தான். அப்படிப்பட்டவர்களுக்கு விதையும் கிளையும் இருக்கின்றன.

கண்ணாடிக் குவளையின் உள்சுவரை ஒட்டி ஈரக் காகிதம் வைத்து, கண்ணாடிக்கும் காகிதத்துக்கும் நடுவில் அவரை விதையைச் செருகுங்கள். வேர் ஒரு விரற்கடை வளர்ந்ததும் குவளையைப் பக்கவாட்டில் படுக்கவையுங்கள். இரண்டொரு நாளில் வேரின் நுனி வளைந்து மறுபடி கீழே இறங்கும். இன்னொரு பக்கம் திருப்பினால் இன்னொரு வளைவு. என் பேத்தி எழுத்து மாதிரி வளைக்கிறேன் என்று கிளம்பி, ஒரு வேரை நிஜமாகவே 'ட' ஆக்கிவிட்டாள்.

ஃபோர்சித்தியா மாதிரி வசந்தத்தின் தொடக்கத்தில் பூக்கிற செடி கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தால் மொட்டுள்ள கிளைகளைச் சாய்வாக வெட்டித் தண்ணீரில் வையுங்கள். சில வாரக் குளிரை அனுபவித்த கிளை வீட்டுச் சூட்டில் ஒன்று முதல் மூன்று வாரத்தில் பூத்துவிடும். டிசம்பர் தொடக்கத்தில் வெட்டினால் பூப்பது சந்தேகம், அந்தக் குளிர் அதற்குத் தேவை. தண்ணீரை அடிக்கடி மாற்றுங்கள்.

* * *

பதினைந்து வயதுப் பையனைப் பற்றி அக்கா கேட்டிருந்தீர்கள். என் மகளுக்கும் ஏறக்குறைய அதே வயது. "வா, சேர்ந்து ஏதாவது செய்வோம்" என்றால் கதவு மூடிக்கொள்ளும். கூப்பிடுவதை விட்டுவிட்டு, அவளிடம் ஒரு பொறுப்பைக் கொடுத்தேன்.

ஜன்னலுக்கு வெளியே இலை உதிர்ந்த மரம் ஒன்று இருக்கிறது. தினமும் அதே நேரம், அதே இடத்திலிருந்து ஒரு படம் எடுத்துத் தர முடியுமா, வசந்தம் வந்ததும் வரிசையாக ஓடவிட்டுப் பார்க்கலாம் என்றேன். "எப்படிச் செய்வது" என்று நான் சொல்லவே இல்லை. போன் அசையாமல் நிற்க ஜன்னல் கட்டையில் அவளே அட்டை வெட்டி ஒட்டினாள். போன் கேமராவை ஆட்டோ அமைப்பிலேயே விட்டால் மேகமூட்டத்துக்கும் வெயிலுக்கும் நிறம் மாறுகிறது என்று கண்டுபிடித்து, வெளிச்ச அளவையும் நிற அமைப்பையும் கையால் பூட்டிவைத்தாள். கொஞ்ச நாளில் மொட்டு வீங்குகிறதா என்று பார்க்கக் கிளைக்குப் பக்கத்தில் போய்த் தனியாக ஒரு படம். அதற்குக் கோட்டு மாட்டிக்கொண்டு வெளியே போக வேண்டும், தம்பி ஸ்டூலைப் பிடிக்க வேண்டும். அவளே கூப்பிட்டாள்.

உங்கள் டேப் வரிசையையே அண்ணன் மகனிடம் கொடுத்துப் பாருங்களேன். ஒட்டுவதைச் சின்னவர்கள் ஒட்டட்டும். அடுத்த ஞாயிறு வெயில் எங்கே வந்து நிற்கும் என்று முன்கூட்டியே கணக்குப்போட்டுச் சுண்ணக்கட்டியால் கோடு கிழிப்பது அவன் வேலை. ஜன்னலின் உயரமும் சூரியனின் கோணமும் தெரிந்தால் போதும், அவன் வயதில் பள்ளியில் படிக்கிற கணக்கே இதற்குப் போதுமானது. கோடு சரியாக இருந்ததா என்று வந்து எழுதுங்கள்.