புதுப்பிப்பு: ஓட்டியே பார்க்காத டிராக்கில் பந்தயம்

ஒரு தடவைகூட ஓட்டாத டிராக்கில் பைக் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டேன், எப்படித் தயாராவது என்று முன்பு கேட்டிருந்தேன். முதலில் டிராக்கை நடந்து பார் என்றுதான் பலரும் சொன்னீர்கள். அதற்கு மனமார்ந்த நன்றி.

வெள்ளிக்கிழமை மாலை நடந்தேன். வீடியோவில் சமதளமாகத் தெரிந்த நாலாவது வளைவு உண்மையில் மேடேறி, உச்சி தாண்டியதும் சரிந்து இறங்குகிறது, திருப்பும் இடத்தில் நின்றால் வெளியேறும் இடம் கண்ணுக்கே தெரியாது. அங்கே தாரில் ஒட்டுப்போட்ட கறுப்புக் கோடு ஒன்று இருந்தது, பிரேக்குக்கு அதையே அடையாளமாக வைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை முதல் பயிற்சியில், நேர்ப்பாதை முடியும் முன்பே ஆறாவது கியரில் ரெவ் லிமிட்டர் (எஞ்சின் அளவுக்கு மேல் சுழலாமல் தடுப்பது) இடித்தது, அதற்கு மேல் வேகம் ஏறவில்லை. அதே சுழற்சியில் வேகம் கூட, ஸ்ப்ராக்கெட்டை (செயின் ஓடும் பல்சக்கரம்) மாற்ற வேண்டும். முன் ஸ்ப்ராக்கெட்டில் 1 பல் கூட்டினால் பின்னால் சுமார் 3 பல் குறைத்த மாதிரி ஆகிவிடும், அது அதிகம், அதனால் பின்னால் 2 பல் மட்டும் குறைத்தோம். சரியாக அமைந்தது.

நாலாவது வளைவில் மட்டும் விடாமல் தடுமாறினேன். சீக்கிரமே உள்ளே வெட்டிவிடுகிறேன், வண்டி வெளி ஓரத்துக்கு ஓடுகிறது. இன்னும் கொஞ்சம் பொறுத்து, தாமதமாகத் திருப்பி, பார்வையை உச்சிக்கு அப்பால் வைத்த பிறகுதான் த்ராட்டிலைத் தைரியமாகத் திறக்க முடிந்தது. அந்த மாற்றமே பெரிய வித்தியாசம்.

ஞாயிறு பந்தயத்தில் 17-வதாகக் கிளம்பி 12-வதாக முடித்தேன். ரொம்ப சந்தோஷம். கடைசிச் சுற்றில் அதே நாலாவது வளைவில்தான் ஒருவரை முந்தினேன்.