நடுராத்திரி காருக்கு பூட்டு போடுற அதிகாரத்த அசோசியேஷனுக்கு யார் குடுத்தா?

கொளத்தூர் குமரன் – இரவு 11:12

போன சனிக்கிழமை கதை. அம்மாவ கூட்டிட்டு பெருங்குடி பக்கம் தங்கச்சி வீட்டுக்கு போனேன், 140 வீடு இருக்குற அபார்ட்மென்ட், கேட்ல நோட்டுல பேரு, ஃபோன் நம்பர், வண்டி நம்பர், எந்த ஃப்ளாட் எல்லாம் எழுதி வாங்கிட்டு தான் உள்ளயே விட்டாங்க. விசிட்டர் பார்க்கிங் பக்கத்துல வண்டிய போட்டுட்டு மேல போய் சாப்பிட்டுட்டு பதினொன்றரைக்கு கீழ வந்தா முன் வீல்ல மஞ்சக்கலர் இரும்பு பூட்டு. போதாததுக்கு டிரைவர் சைடு கண்ணாடில பாதிய மறைச்சு ஒரு ஸ்டிக்கர், கோந்த வாளில கரைச்சு ஊத்துன மாதிரி. செக்யூரிட்டி 1000 ரூபா ஜிபே பண்ணுங்க அப்ப தான் சாவி வரும்ங்கறார், ரசீது கேட்டா காலைல ஆபீஸ்ல வாங்கிக்கோங்க சார்ங்கறார். அம்மா சுகர் பேஷன்ட், லாபில ஒரு மணி நேரம் உக்காந்திருந்தாங்க. கடைசில கட்டிட்டு தான் வந்தேன். ஸ்டிக்கர தேங்கா எண்ணெய் தடவி ஞாயித்துக்கிழமை முழுக்க சுரண்டுனேன், இன்னும் வெள்ளையா ஒரு தழும்பு இருக்கு.

என் கேள்வி ஒண்ணே ஒண்ணு. போலீஸ் பூட்டு போட்டா புரியுது. இவங்க யாரு?

நெல்லை அண்ணாச்சி – இரவு 11:40

நான் தான் தம்பி அந்த "இவங்க". உங்க அபார்ட்மென்ட் இல்ல, வேற, ஆனா மூணு வருஷமா செகரட்டரி. சம்பளம் கிடையாது, வாங்குற ஏச்சுக்கு மட்டும் பஞ்சமே இல்ல.

நாங்க ஏன் பூட்டு வாங்குனோம்னு கேளுங்க. மூணாவது மாடில ஒரு பெரியவருக்கு ராத்திரி நெஞ்சுவலி, ஆம்புலன்ஸ் பத்தே நிமிஷத்துல வந்துட்டு, ஆனா லிஃப்ட்டுக்கு நேரா போற வழில ஒரு கார் குறுக்க நிக்கி. குடியிருக்கவங்களுக்கு குடுக்குற ஸ்டிக்கர் அதுல இல்ல. எந்த வீட்டுக்கு வந்தவன்னு தெரியல. நோட்ட பார்த்து ஃபோன் போட்டா சுவிட்ச்டு ஆஃப், அப்புறம் தெரிஞ்சுது ஆளு செகண்ட் ஷோ பாக்க போயிருக்காரு! தள்ளலாம்னா ஹேண்ட்பிரேக் போட்டிருக்கு, கியர்லயும் நிக்கி, ஆறு பேர் சேர்ந்து தூக்கியும் ஒரு சாண் கூட நகரல. ஸ்ட்ரெச்சர் நுழையல. கடைசில பெரியவர பிளாஸ்டிக் சேர்ல உக்கார வச்சு ஆளுக்கு ஒரு கால புடிச்சு கேட் வரைக்கும் தூக்கிட்டு போனோம். சேரோட ஒரு கால் வேற வளைஞ்சிட்டு. அவர் பொழைச்சிட்டாரு, இப்பவும் சாயங்காலம் வாக்கிங் போறாரு. அடுத்த ஏஜிஎம்ல, அதான் வருஷாந்தர பொதுக்கூட்டத்துல, ஒருத்தர் கூட எதிர்க்காம தீர்மானம் போட்டு தான் நாலு பூட்டு வாங்குனோம்.

எங்க ஊர்ல பயிர மேஞ்ச மாட்ட பவுண்டுல, அதான் புடிச்ச மாட்ட அடைக்கிற பட்டில, அடைப்பாங்க, மாட்டுக்காரன் அபராதம் கட்டி ஓட்டிட்டு போவான். மாட்டுக்கு ஒரு நியாயம் காருக்கு ஒரு நியாயமா?

வக்கீல் வண்டு – இரவு 11:58

அண்ணாச்சி நல்ல பாயின்ட்ட எடுத்து உங்க கோல்லயே போட்டுக்கிட்டீங்க 😄

பவுண்டு சட்டம் 1871ல வெள்ளைக்காரன் போட்டது. பயிர மேஞ்ச மாட்ட புடிக்கலாம், சரி. ஆனா புடிச்சவன் தன் தொழுவத்துல கட்டி வச்சு காசு கேக்க முடியாது, 24 மணி நேரத்துக்குள்ள பவுண்டுக்கு அனுப்பிடணும், அபராதத்த முடிவு பண்றதும் அவன் இல்ல. அந்த அளவு கட்டுப்பாடு கூட உங்க நாலு பூட்டுக்கு கிடையாது. எவ்வளவு, எவ்வளவு நேரம், யார் கிட்ட முறையிடணும், எல்லாமே செகரட்டரி மூடு எப்படியோ அப்படி.

குமரன் சார் கேட்டதுக்கு வரேன். மோட்டார் வாகன சட்டம் 127ஆவது பிரிவு. பொது இடத்துல வண்டி 10 மணி நேரத்துக்கு மேல கேட்பாரில்லாம நின்னாலோ, நிறுத்தக்கூடாத இடத்துல நின்னாலோ, இழுத்துட்டு போகவோ வீல்ல பூட்டு போடவோ உத்தரவு போடலாம். யாரு? அந்த ஏரியா போலீஸ் அதிகாரி, அதுவும் யூனிஃபார்ம்ல இருக்கணும்னே எழுதியிருக்கு. அசோசியேஷன் செகரட்டரின்னு எங்கயும் இல்ல. கேட் போட்டு வாச்மேன் நிக்கிற அபார்ட்மென்ட் பொது இடமும் இல்ல, அதனால தான் 100க்கு அடிச்சா "பிரைவேட் பிளேஸ் சார் உங்களுக்குள்ள பேசிக்கோங்க"ன்னு வைக்கிறாங்க.

அப்ப அசோசியேஷனுக்கு என்ன தான் இருக்கு? பைலா, அதாவது சங்கத்தோட சொந்த விதி. அது மெம்பர கட்டுப்படுத்தும், அவர் வீட்டுக்கு வந்த விருந்தாளி எதுலயும் கையெழுத்து போடல. அபராதம்னா அந்த ஃப்ளாட் மெயின்டெனன்ஸ் பில்லுல ஏத்துங்க, அதுவும் நியாயமான தொகையா இருக்கணும், கான்ட்ராக்ட் சட்டம் 74ஆவது பிரிவு அத தான் சொல்லுது. ராத்திரி வண்டிய புடிச்சு வச்சு காச குடுத்தா தான் விடுவேன்னா அத வழிமறிப்பு, மிரட்டி பணம் வாங்குறதுன்னு ஒரு நல்ல வக்கீல் இழுக்க முடியும். ஜெயிக்குமா தெரியாது, ஆனா செகரட்டரி ஸ்டேஷனுக்கு நாலு தடவ நடக்கணும்.

கீழ்க்கட்டளை கீர்த்தி – காலை 6:35

சட்டம்லாம் சரி சார். நான் காசு குடுத்து வாங்குன ஸ்லாட்ல வாரத்துக்கு ரெண்டு நாள் வேற யார் காரோ நிக்கும். ராத்திரி பத்து மணிக்கு தூங்குற குழந்தைய தோள்ல போட்டுக்கிட்டு, லேப்டாப் பேக், பால் பாக்கெட், இதோட ரோட்ல வண்டிய விட்டுட்டு நடந்து வரணும். வாட்சப் குரூப்ல போட்டோ போட்டா மூணு பேர் கும்பிடு எமோஜி போடுவாங்க, ஒருத்தர் "அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க மேடம்"பார். மெயின்டெனன்ஸ் பில்லுல ஏத்துறதா? மெயின்டெனன்ஸே ஆறு மாசமா கட்டாதவர் தான் அங்க நிறுத்துறாரு!

குமரன் சார், ஒரு சந்தேகம். விசிட்டர் பார்க்கிங் "பக்கத்துல"ன்னா என்ன அர்த்தம்?

லண்டன் லோகு – காலை 7:10

இஞ்சயும் உந்தக் கூத்து நடந்தது தான். நான் வந்த புதுசில பிரைவேட் காணிக்குள்ள காரை விட்டா சில்லுக்கு கிளாம்ப் போட்டுட்டு வேனுக்குள்ள ஒளிச்சிருப்பாங்கள், நீங்க வந்த உடன குதிச்சு வந்து காசு கேப்பாங்கள். ஸ்கொட்லாந்தில 1992லயே கோர்ட் அது களவும் மிரட்டலும் எண்டு சொல்லிப்போட்டுது. இங்கிலாந்து, வேல்ஸில 2012 ஒக்டோபர் முதலாந் திகதியில இருந்து சட்டமே போட்டு நிப்பாட்டினது, தனியார் காணிக்குள்ள கிளாம்ப் போடேலாது, இழுத்துக்கொண்டு போகவும் ஏலாது.

ஆனா சந்தோசப்படாதேங்கோ. அதுக்குப் பிறகு கமரா வந்திட்டுது. நம்பர் பிளேட்டைப் படம் எடுத்து, அரசாங்கத்திட்ட 2.50 பவுண் கட்டி உங்கட பேர் விலாசம் எடுத்து, வீட்டுக்கே தண்டக் கடிதம் அனுப்புறாங்கள். ஒருத்தர் இரண்டு மணித்தியாலம் மட்டும் ஃப்ரீ எண்ட இடத்தில 56 நிமிசம் கூட நிண்டதுக்கு 85 பவுண் கேட்டு, அது சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் 2015ல அந்த மனுசன் தோத்துப்போனார். இப்ப சில்லில பூட்டில்லை, தபாலில வருது, அவ்வளவு தான்.

ஃபெசிலிட்டி மணி – காலை 8:22

நான் இந்த வேலை பாக்குறவன், ஓஎம்ஆர்ல மூணு அபார்ட்மென்ட் பாக்குறேன், எல்லாரும் மேனேஜர திட்டுவாங்க அதனால சொல்லிடறேன். "டோ பண்ணி வெளிய தள்ளுங்க மணி"ன்னு கமிட்டில ஈசியா சொல்லிடுவாங்க. பேஸ்மென்டுக்குள்ள ரெக்கவரி வண்டி நுழையவே நுழையாது, உயரம் பத்தாது, ராம்ப்ல திரும்பவும் முடியாது. அதனால சக்கரத்துக்கு கீழ வைக்கிற ரோலர் ஜாக்கி நாலு வேணும், நாலையும் வச்சு வண்டிய தூக்கி கையால தள்ளணும். இது தெரியாம ஒரு கமிட்டி மெம்பர் கயிறு கட்டி ஆட்டோமேட்டிக் கார இழுக்க சொன்னாரு. என்ஜின் ஓடாம சக்கரம் மட்டும் சுத்துனா கியர்பாக்ஸுக்குள்ள ஆயில் ஓடாது, கொஞ்ச தூரத்துலயே போயிடும், அப்புறம் வர்ற பில்ல பார்த்து அந்த மெம்பரே குரூப்ப விட்டு லெஃப்ட் ஆயிடுவாரு. எலக்ட்ரிக் கார்னா நாலு சக்கரமும் தரைய தொடாம பிளாட்பெட் லாரில தான் ஏத்தணும்.

இன்னொண்ணு, தொட்டாலே அதுக்கு முன்னாடி இருந்த கீறல் எல்லாம் நம்ம கணக்கு. அதனால நான் பூட்டு போடறதா இருந்தாலும் முதல்ல நாலு பக்கமும் டைம் தெரியிற மாதிரி வீடியோ எடுப்பேன், எழுதுன நம்பருக்கு மூணு கால், இன்டர்காம்ல ஒரு கால், அரை மணி நேரம் வெயிட். ஸ்டிக்கர் பக்கத்து கண்ணாடில தான், டிரைவர் பார்வை மறைக்கிற இடத்துல ஒட்டுறவன் முட்டாள். பணம் அசோசியேஷன் அக்கவுன்ட்டுக்கு மட்டும், அந்த நிமிஷமே ரசீது. செக்யூரிட்டி சொந்த நம்பருக்கு ஜிபேன்னா அது அபராதமே இல்ல சார், வேற.

ஆனா அந்த செக்யூரிட்டிய நினைச்சு பாருங்க, 12 மணி நேர டூட்டி, பூட்டு போட்டா விருந்தாளி அடிக்க வரான், போடலன்னா கமிட்டி வேலைய விட்டு தூக்குது.

சான் ஹோசே சிவா – காலை 9:05

கலிஃபோர்னியால பிரைவேட் பிராப்பர்ட்டில டோ பண்ணவே விடுறாங்க, ஆனா ஒவ்வொண்ணுக்கும் ரூல். வாசல்ல 17க்கு 22 இன்ச் குறையாம போர்டு, எழுத்து ஒரு இன்ச்சாவது உயரம். டோ கம்பெனி எடுத்த அர மணி நேரத்துக்குள்ள போலீஸுக்கு சொல்லணும், இல்லன்னா வண்டி திருடு போச்சுன்னு ஓனர் கம்ப்ளெயின்ட் குடுத்திடுவான். 10 மைலுக்குள்ள இருக்குற யார்டுல தான் வைக்கணும். எனக்கு புடிச்சது இது: வண்டி இன்னும் காம்பவுண்ட தாண்டலன்னா, ஓனர் ஓடி வந்துட்டா அங்கயே இறக்கி விடணும், அதிகபட்சம் பாதி காசு தான். அனுபவஸ்தன் சொல்றேன், லுங்கியோட ஓடியிருக்கேன்.

கொளத்தூர் குமரன் – காலை 9:48

பார்த்தீங்களா அண்ணாச்சி, அமெரிக்காவுல கூட போலீஸுக்கு சொல்லணும். எனக்கு ஒரு ஃபோன் கால் கூட வரல. நோட்டுல நம்பர் எதுக்கு எழுதுனேன்? மணி சார் சொன்ன மூணு கால் அரை மணி நேரம் இருந்திருந்தா நானே இறங்கி எடுத்திருப்பேன். ஆம்புலன்ஸ் வழிய மறிச்சவனும் நானும் ஒண்ணா?

நெல்லை அண்ணாச்சி – காலை 10:15

ஃபோன் பண்ணாதது தப்பு, ஒத்துக்கிடுதேன். ரசீது தராதது அதவிட தப்பு. ஆனா வக்கீல் தம்பி, பூட்டு கூடாது, இழுக்க கூடாது, போலீஸ் வராது, பில்லுல ஏத்துனா கட்ட மாட்டான், சிவில் கோர்ட்டுக்கு போனா என் பேரன் தான் தீர்ப்ப வாங்குவான். மிச்சம் என்ன இருக்குன்னு சொல்லுங்க, அத பண்ணுதேன்.

வக்கீல் வண்டு – காலை 10:31

கேட் இருக்கே அண்ணாச்சி. உள்ள விட்ட பிறகு பூட்டு போடுறத விட, இடம் இல்லன்னா உள்ள விடாம இருக்க உங்களுக்கு முழு உரிமை இருக்கு. நாலு விசிட்டர் ஸ்லாட்னா நாலு டோக்கன். அஞ்சாவது வண்டி ரோட்ல.

ஆனா அதுக்கு விசிட்டர் ஸ்லாட்ல விசிட்டர் வண்டி நிக்கணும். பாதி அபார்ட்மென்ட்ல அங்க தான் ரெண்டாவது கார் நிரந்தரமா கவர் போட்டு நிக்குது, கேட்டா பில்டர் எழுதிக்குடுத்தார்ம்பாங்க. 2010லயே சுப்ரீம் கோர்ட் பம்பாய் கேஸ்ல ஸ்டில்ட்டையும் (கட்டிடத்துக்கு அடியில தூணுங்களுக்கு நடுவுல இருக்குற பார்க்கிங்) ஓபன் பார்க்கிங்கையும் பில்டர் தனியா விக்க முடியாதுன்னு சொல்லிடுச்சு, 2016ல வந்த ரெரா, அதான் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை சட்டத்துல ஓபன் பார்க்கிங் பொது இடத்துல சேருது. விருந்தாளிக்கு பூட்டு போடுற கை உள்ளூர் ஆளோட ரெண்டாவது காருக்கு ஏன் நீள மாட்டேங்குது? கமிட்டி எலக்‌ஷன்ல விருந்தாளிக்கு ஓட்டு இல்ல, அதான்.

கீழ்க்கட்டளை கீர்த்தி – காலை 10:50

குமரன் சார் என் கேள்விக்கு இன்னும் பதில் வரல 🙂 "பக்கத்துல"?

கொளத்தூர் குமரன் – மதியம் 1:20

மீட்டிங்ல இருந்தேன் மேடம்.

பக்கத்துலன்னா பி-14ன்னு தூண்ல எழுதியிருந்துச்சு. காலியா இருந்துச்சு, ரெண்டு மணி நேரம் தானேன்னு போட்டேன். விசிட்டர் ஸ்லாட் நாலும் ஃபுல்.

கீழ்க்கட்டளை கீர்த்தி – மதியம் 1:24

அந்த பி-14காரங்க என்ன மாதிரி ஒருத்தங்களா இருந்தா? கைக்குழந்தையோட கீழ நின்னு பார்த்துட்டு தான் செக்யூரிட்டிய கூப்பிட்டிருப்பாங்க.

ஃபெசிலிட்டி மணி – மதியம் 1:41

ஃபுல்லா இருந்த நாலும் விசிட்டரா சார்? சனிக்கிழமை ராத்திரி நாலுமே ஃபுல்லுன்னா எனக்கு சந்தேகம்.

கொளத்தூர் குமரன் – மதியம் 2:05

மூணு தெரியாது. ஒண்ணு எங்க மச்சானோடது. அவங்களுக்கு ஒரு ஸ்லாட் தான், போன தீபாவளிக்கு ரெண்டாவது வண்டி எடுத்தார், அதுல இருந்து அங்க தான் நிக்குது.

நெல்லை அண்ணாச்சி – மதியம் 2:07

கவர் போட்டா, போடாமயா?

கொளத்தூர் குமரன் – மதியம் 2:30

கவர் போட்டு தான் அண்ணாச்சி. கவரும் நான் தான் வாங்கி குடுத்தேன், கிரகப்பிரவேசத்துக்கு போக முடியலன்னு.

ஆனா ரசீது விஷயத்த நான் விடப்போறதில்ல, ஆபீஸ்ல போய் கேக்க போறேன்.

வக்கீல் வண்டு – மதியம் 2:34

கேளுங்க, எழுத்துல கேளுங்க. போறப்போ வண்டிய ரோட்லயே விட்டுட்டு போங்க.