ஏற்காட்டுக்குக் கொண்டுசெல்லும் சிறிய ஆர்.பி.சி. டிடெக்டர்: அழுத்தமும் நேரத் துல்லியமும்

அஸ்தம்பட்டி ஆசிரியர்:
வணக்கம். சேலத்தில் கல்லூரி ஒன்றில் இயற்பியல் கற்பிக்கிறேன். 30 செ.மீ. சதுரக் கண்ணாடித் தகடுகளை 2 மி.மீ. இடைவெளியில் ஒட்டி, டெட்ராஃபுளோரோஈத்தேனுடன் சிறிதளவு ஐசோபியூட்டேனும் சல்ஃபர் ஹெக்ஸாஃபுளோரைடும் கலந்து நிரப்பி மூடிய இரண்டு ஆர்.பி.சி. டிடெக்டர்களை (தகடுகளுக்கிடையே உயர் மின்னழுத்தம் கொடுத்து, வாயுவைக் கடக்கும் மின்னூட்டத் துகளை மின் துடிப்பாகப் பதியும் கருவி), ஒரு மீட்டர் இடைவெளியில் மேலும் கீழுமாகப் பொருத்தி, விண்வெளிக் கதிர்களால் வளிமண்டலத்தில் உருவாகிக் கீழே வரும் மியூவான் என்ற துகளின் வேகத்தை அளக்க எண்ணியுள்ளோம். மாணவர்களுடன் வேனில் வாயு சிலிண்டரை ஏற்ற இயலாது என்பதால்தான் மூடிய அமைப்பைத் தேர்ந்தெடுத்தோம். ஏற்காட்டிலும் அதே மின்னழுத்தத்தில் இது இயங்குமா? நேரத்தை இன்னும் துல்லியமாக அளக்க, மெல்லிய வாயு இடைவெளிகள் பலவற்றை அடுக்கிய வகைக்கு மாறுவது அவசியமா?

கண்ணாடித் தகடு:
ஐயா, மின்னழுத்தத்தைவிட உங்கள் பசையை நினைத்தே கவலைப்படுகிறேன். சேலத்துக்கும் சுமார் 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டுக்கும் காற்றழுத்தம் ஏறத்தாழ 13 கிலோபாஸ்கல் வேறுபடும். சேலத்தில் மூடிய அறை மலையேறும்போது ஒவ்வொரு தகட்டையும் ஏறக்குறைய 120 கிலோ எடைக்கு நிகரான விசை உள்ளிருந்து வெளியே தள்ளும். தகடுகளின் இடைவெளியைக் காக்க நடுவில் ஒட்டிய பொத்தான்கள் கடைசி கொண்டை ஊசி வளைவுக்கு முன்பே பெயர்ந்துவிடலாம். தகடுகளைத் தனியாக மூடாமல், பக்கங்களில் திறந்துவிட்டு, வாயு நிறைந்த கெட்டியான அலுமினியப் பெட்டிக்குள் வையுங்கள். பெல்ஜியத்தின் லூவெயின் பல்கலைக்கழகக் குழு எடுத்துச்செல்லும் டிடெக்டர்களுக்குக் கையாண்ட வழி இதுவே. தகட்டின் இருபுறமும் அழுத்தம் சமமாகிறது. பெட்டி விரியாதவரை வாயுவின் அடர்த்தியும் மாறாது என்பதால் மின்னழுத்தத்தைத் தொடவே வேண்டாம். வெளிக்காற்றின் அழுத்தத்தையே பின்பற்றும் திறந்த அமைப்பாக இருந்தால், சேலத்தின் 10,000 வோல்ட்டை ஏற்காட்டில் 9,000-க்கு அருகே இறக்க வேண்டியிருக்கும். இறக்காவிட்டால் ஸ்ட்ரீமர்கள் (வாயுவில் தீப்பொறி போலப் பாயும் பெரிய மின்னிறக்கங்கள்) பெருகும்.

பிக்கோ வினாடி:
பல இடைவெளி வகை இங்கே தேவையற்ற செலவு என்பது என் கருத்து. செர்ன் ஆய்வகத்தின் ஆலிஸ் சோதனையில் 250 மைக்ரான் இடைவெளிகள் பத்தை அடுக்கி 50 பிக்கோ வினாடி (0.05 நானோ வினாடி) அளவிலான துல்லியத்தை எட்டினார்கள். அங்கே துகளின் வகையைப் பிரித்தறிய அது வேண்டும். உங்கள் மியூவான் ஒரு மீட்டரைக் கடக்க 3.3 நானோ வினாடி ஆகும், 2 மி.மீ. இடைவெளியின் பிழை ஒரு டிடெக்டருக்கு ஏறத்தாழ ஒரு நானோ வினாடி. இரண்டையும் கடக்கும் மியூவான்கள் நிமிடத்துக்குச் சுமார் 30 கிடைக்கும் என்பதால், ஒரு மணி நேரத்தின் சராசரியில் பிழை 0.03 நானோ வினாடிக்கு இறங்கிவிடும். கேபிள் தாமதம்தான் உண்மையான எதிரி. அதே கேபிள்களை வைத்துக்கொண்டு, அரை மீட்டரிலும் ஒரு மீட்டரிலும் அளந்து கழித்தால் அது நீங்கிவிடும்.

அஸ்தம்பட்டி ஆசிரியர்:
மிக்க நன்றி. பெட்டிக்குள் உயர் மின்னழுத்த இணைப்பைக் கொண்டுசெல்லும் இடத்தில் ஏற்காட்டு மூடுபனியின் ஈரம் படியாதா?

கண்ணாடித் தகடு:
படியும், கசிவு மின்னோட்டமும் ஏறும். 12 வோல்ட்டை உயர் மின்னழுத்தமாக மாற்றும் மின்னணுப் பலகையையும் பெட்டிக்குள்ளேயே வைத்து, வெளியே 12 வோல்ட் கம்பியை மட்டும் விடுங்கள். ஆனால் பலகையிலிருந்தும் பசையிலிருந்தும் கசியும் ஆவி வாயுவைக் கெடுக்கும். நிரப்புவதற்கு முன் பெட்டியை வெற்றிடமாக்கி நெடுநேரம் விட்டுவைக்க வேண்டும்.