பேஸ்மென்ட்ல தண்ணி வருது, எந்த கெமிக்கல் அடிக்கலாம்? அர்ஜென்ட்

புளிமண்டி_பேரன்:
வணக்கம். கிருஷ்ணகிரி பழையபேட்டைல எங்க வீடு, பழைய வீடு. பேஸ்மென்ட்ல தண்ணி வருது, ரெண்டு தடவ வாட்டர்ப்ரூப் கோட்டிங் அடிச்சாச்சு, பதினெட்டாயிரம் காலி, மூணாவது மாசமே அப்பளமா உப்பி கொட்டுது. எந்த கெமிக்கல் நல்லதுன்னு மட்டும் சொல்லுங்க. ஞாயித்துக்கெழம கொத்தனார் வர்றாரு.

கொத்தனார்_மகன்:
பேஸ்மட்டம் எத்தன அடிங்ணா? ரோடு மேல ரோடு போட்டு வீடு பள்ளமா போயிருக்கும், அதான் ஓதம் ஏறுது. சுவத்துல வரிசையா ஓட்ட போட்டு மருந்து ஏத்துனா நின்னுரும், எங்க சித்தப்பா வீட்டுக்கு அப்டிதான் செஞ்சோம்.

மொரப்பூர்_எக்ஸ்பிரஸ்:
போட்டோ போடுங்க பாஸ்.

சிவில்_சீனியர்:
சுவர் கல்லா செங்கல்லா, தண்ணி தரையில ஊறுதா சுவத்துல வழியுதா, மழைக்கு மட்டுமா தினமுமா, ஒண்ணும் சொல்லல. ஆனா மருந்து பேரு மட்டும் வேணும். 32 வருசம் சைட்ல நின்னவன் சொல்றேன், உங்கள மாதிரி ஆளுங்களாலதான் பெயின்ட் கடைக்காரன் மாடி வீடு கட்டுறான்.

புளிமண்டி_பேரன்:
சாரி சார். பேஸ்மென்ட்னா நீங்க நெனைக்கிற பேஸ்மட்டம் இல்ல, தரைக்கு கீழ இருக்குற ரூம். தாத்தா புளி மூட்ட அடுக்க கட்டுனது, நாங்க நெலவறன்னுதான் சொல்லுவோம், இங்க புரியாதுன்னு பேஸ்மென்ட்னு போட்டுட்டேன். ஏழு படி எறங்கணும். கருங்கல் சுவரு, நடுவுல சுண்ணாம்புக் கார, அதுக்கு மேல அப்பா காலத்துல சிமென்ட் பூசிருக்கு. தெருப்பக்க சுவத்துலதான் வருது, காலைல எறங்குனா ஏழெட்டு பக்கெட் மொண்டு ஊத்தணும்.

கொத்தனார்_மகன்:
அட, ரூமா! அப்ப நான் சொன்னத விட்ருங்கணா.

ஓசூர்_ரேகா:
முதல்ல அது கசிவா, இல்ல காத்து ஈரம் சுவத்துல படியுதான்னு பாக்கணும். ஒரு பாலிதீன் கவர நாலு பக்கமும் டேப் போட்டு சுவத்துல ஒட்டி ரெண்டு நாள் விடுங்க. கவருக்கு உள்பக்கம் நனைஞ்சா சுவத்துல இருந்து வருது, வெளிப்பக்கம் வேர்த்தா காத்துல இருந்து.

மொரப்பூர்_எக்ஸ்பிரஸ்:
ஏழெட்டு பக்கெட் காத்துலருந்து வருமாக்கா 😂

மரபுவீடு_மணி:
தப்பு பண்ணது உங்க அப்பா. கல்லும் சுண்ணாம்பும் மூச்சு விடும், அது மேல சிமென்ட் பூசுனா ஈரம் உள்ள மாட்டிக்கிட்டு உப்பு பூத்து பூச்ச தள்ளும். மொத்தத்தையும் கொத்திட்டு கடுக்கா வெல்லம் போட்ட சுண்ணாம்பு பூசுங்க, பேரன் காலம் வரைக்கும் நிக்கும்.

சிவில்_சீனியர்:
மூச்சு விடுறது ஓதத்துக்கு சரி. ஊறி வர்ற தண்ணிக்கு என்ன பண்ணும்? வெளிய ஒரு மீட்டர் தண்ணி நின்னா அடியில சதுர மீட்டருக்கு ஒரு டன் அழுத்தம். உள்பக்கம் என்ன தடவுனாலும் அது பின்னாலருந்து தள்ளிக்கிட்டே இருக்கும், இவர் கோட்டிங் உப்புனது அதனாலதான்.

மரபுவீடு_மணி:
முல்லைப் பெரியாறு அணையே சுண்ணாம்பு சுர்க்கில (செங்கல் பொடி கலந்த சுண்ணாம்புக் கார) கட்டுனது சார், 1895ல இருந்து நிக்குது. அதுக்கு இல்லாத அழுத்தமா பழையபேட்டைல?

சிவில்_சீனியர்:
1930கள்லயே அதுக்குள்ள சிமென்ட் கரைசல (கிரவுட்) ஏத்துனாங்களே, அத ஏன் சொல்ல மாட்டேங்குற?

மொரப்பூர்_எக்ஸ்பிரஸ்:
ஐயா சாமி, அணைப்பேச்ச எடுக்காதீங்க, அங்கேருந்து ஆளுங்க வந்துட்டா இழை நம்ம கையில இருக்காது.

மரபுவீடு_மணி:
அணை நம்ம உரிமை, பேசுவோம்.

(இதுக்கப்புறம் பதினோரு பதிவு அணையப் பத்தி. நெலவறைக்காரர யாரும் திரும்பிப் பாக்கல.)

தர்மபுரி_டீச்சர்:
தம்பி, மழ இல்லாதப்பவும் வருதா?

புளிமண்டி_பேரன்:
வருது டீச்சர். 2024 டிசம்பர்ல பெஞ்சல் புயலுக்கு ஊத்தங்கரைல 50 சென்டிமீட்டர் கொட்டுச்சே, அப்ப முழங்கால் வரைக்கும் நின்னுச்சு, அது வேற கத. இப்ப வெயில்லயும் வருது. ஆனா எல்லா நாளும் ஒரே அளவு இல்ல, கொழாத் தண்ணி வந்த அடுத்த ரெண்டு நாள் ஜாஸ்தி.

கெலமங்கலத்தான்:
நம்ம கிருஷ்ணகிரி டேம்ல தண்ணி ஏறிருக்கும், அதான் நெலத்தடி ஊத்து மேல வருது.

தர்மபுரி_டீச்சர்:
டேம் எங்க, பேட்ட எங்கப்பா. தம்பி, வீட்ல ஆர்.ஓ. மெசின் மாட்ட வர்றவங்க தண்ணில எவ்ளோ உப்பு கரைஞ்சிருக்குன்னு காட்டுற, பேனா மாதிரி ஒரு டிடிஎஸ் மீட்டர் வச்சிருப்பாங்க, அத வாங்கி மூணு தண்ணியும் பாருங்க: ஒகேனக்கல் கொழாத் தண்ணி, போர் தண்ணி, நெலவறத் தண்ணி. நம்ம பக்கம் போர்ல உப்பும் ஃப்ளோரைடும் ஜாஸ்தின்னுதான ஒகேனக்கல் திட்டமே கொண்டு வந்தாங்க. நெலவறத் தண்ணி எது பக்கம் நிக்குதுன்னு பாத்தா பாதி தெரிஞ்சிரும்.

புளிமண்டி_பேரன்:
பாத்தேன். கொழா 310, போர் 1650, நெலவற 520.

தர்மபுரி_டீச்சர்:
அப்ப அது ஊத்துத் தண்ணி இல்ல. மண்ணு, சுண்ணாம்பு வழியா வர்றப்ப கொஞ்சம் உப்பு ஏறிருக்கு, அவ்ளோதான். தெருப்பக்க சுவத்துக்கு அந்தாண்ட என்ன இருக்கு?

புளிமண்டி_பேரன்:
வாசல்தான். கொழாத் தண்ணி ரொப்பி வைக்கிற தரையடித் தொட்டி, சம்ப் இருக்கு.

சிவில்_சீனியர்:
இத நாப்பது பதிவு கழிச்சு சொல்றீங்க! சம்ப் சுவத்துலருந்து எவ்ளோ தூரம்? அளவு என்ன?

புளிமண்டி_பேரன்:
ஒட்டிதான் சார். 6க்கு 5 அடி. அது எப்பவும் இருக்கே, அதான் சொல்லத் தோணல.

சிவில்_சீனியர்:
தண்ணி வந்ததும் ரொப்பி, வர்ற பைப், மோட்டார் ரெண்டையும் மூடுங்க. தண்ணி மட்டத்துல சாக்பீஸ் கோடு போட்டு, 24 மணி நேரம் கழிச்சு பாருங்க. மோட்டார அந்த ஈரத்துல நின்னு தொடாதீங்க, மெயின ஆஃப் பண்ணிட்டு எறங்குங்க. சம்புக்குள்ள மட்டும் எறங்கிராதீங்க.

மரபுவீடு_மணி:
சம்ப் சிமென்ட்ல கட்டுனதுதான? அதான் கசியுது.

மொரப்பூர்_எக்ஸ்பிரஸ்:
இவர யாராச்சும் புடிங்க.

(ஆறு நாள் கழிச்சு)

புளிமண்டி_பேரன்:
கோட்டுக்கு கீழ ரெண்டு இஞ்ச் எறங்கிருக்கு. சம்ப காலி பண்ணி அஞ்சு நாள் ஆச்சு, தெருவுலருந்து கொடத்துல தூக்குறோம். நெலவறைல சுவரு ஈரமா இருக்கு ஆனா தண்ணி சேரல. எல்லாருக்கும் நன்றி.

சிவில்_சீனியர்:
6 பெருக்கல் 5, ரெண்டு இஞ்ச், மொத்தம் 5 கன அடி, 140 லிட்டர். உங்க பக்கெட் கணக்கோட ஒத்துப் போகுதா? கொத்தனார நெலவறைக்கு எறக்காதீங்க, சம்புக்கு எறக்குங்க, அதுவும் மூடிய தொறந்து போட்டு காத்து போன பொறவு, மேல ஒரு ஆள் நிக்கணும். உள்ள பழைய பூச்ச கொத்தி, சுவரும் தரையும் சேர்ற எடத்த வளச்சு பூசணும், கசிவு முக்காவாசி அந்த மூலைலதான். தண்ணி இருக்குற பக்கம் அடிச்சாதான் கோட்டிங் நிக்கும். நெலவற சுவத்த ரெண்டு மாசம் சும்மா காய விடுங்க.

மரபுவீடு_மணி:
காய்ஞ்ச பொறவு சுண்ணாம்புதான பூசணும்? சொல்லுங்க சார்.

சிவில்_சீனியர்:
உள்ள பூசறதுக்கு சுண்ணாம்பே நல்லது. போதுமா?

மரபுவீடு_மணி:
🙏

கொத்தனார்_மகன்:
அண்ணா, புயல் மழைக்கு முழங்கால் தண்ணி நின்னதுன்னீங்களே, அது சம்ப் இல்லியே. அதுக்கு என்ன பண்ணப் போறீங்க?

(நாலு மாசம் கழிச்சு)

ஓசூர்_ரேகா:
மழ ஆரம்பிச்சிருச்சு. புளிமண்டி அண்ணா, நெலவற எப்டி இருக்கு?