10:30க்கு தாரிர் வாசலில்

குழு: தண்டையார்பேட்டை வீடு
ஞாயிற்றுக்கிழமை

முரளி சித்தப்பா, இரவு 8:34
கார்த்தி, நித்யா, இருக்கிறீர்களா? கில்டு வார்ஸ் 2 ஆன்லைன் விளையாட்டு பற்றி ஒன்று கேட்க வேண்டும். போன வாரம் அதன் ஹார்ட் ஆஃப் தார்ன்ஸ் எக்ஸ்பான்ஷன், அதாவது காட்டுக் கதை வருகிற கூடுதல் பகுதி, வாங்கினேன். நேற்று அந்தக் காட்டில் ஒரு மணி நேரத்தில் 11 முறை செத்தேன்.

முரளி சித்தப்பா, 8:35
கடைசியாகக் கொன்றது கோழிக்குஞ்சு அளவு பல்லி. கூட்டமாக ஓடி வந்து நான் திரும்புவதற்குள் முடித்துவிட்டது.

கார்த்தி, 8:37
அது பாக்கெட் ராப்டர் சித்தப்பா. 2015 அக்டோபரில் இந்த எக்ஸ்பான்ஷன் வந்ததிலிருந்து புதிதாகப் போகிறவர்கள் திட்டுவது அதைத்தான்.

முரளி சித்தப்பா, 8:41
இலவசப் பகுதியில் 80வது லெவல் வரை வர எனக்கு எட்டு மாதம் ஆயிற்று. அங்கே இப்படி இல்லை. கன்டெய்னர் யார்டில் இரண்டாம் ஷிப்ட் முடித்து, குளித்துச் சாப்பிட்டு உட்கார்ந்தால் எனக்குக் கிடைப்பது ஒரு மணி நேரம். அதிலும் செத்துக்கொண்டே இருக்க வேண்டுமா? இது எனக்குச் சரிப்படுமா, படாதா? நேராகச் சொல்லுங்கள்.

கார்த்தி, 8:46
நேராகச் சொன்னால், வேண்டாம் சித்தப்பா. சவாலான குழு ஆட்டம் தருகிறோம் என்று சொல்லித்தான் அதை விற்றார்கள். காடு அடுக்கு அடுக்காக இருக்கும், வரைபடத்தைப் பார்த்தால் பக்கத்தில்தான் தெரியும், போக வழி தெரியாது. சர்வர் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும்தான் இருக்கிறது, இங்கே இல்லை. என் வீட்டில் பிங், அதாவது சர்வருக்குப் போய் வருகிற தாமதம், 200 மில்லிசெகண்டைத் தாண்டும். உருண்டு தப்பிக்கப் பட்டனை அழுத்தினால் அடி விழுந்த பிறகுதான் உருள்வோம்.

கார்த்தி, 8:48
முல்லை நகர் மைதானத்தில் லீக் ஆடுகிற பையன்களோடு, ஞாயிறு மட்டும் ஆட வருகிறவர் இறங்கினால் என்ன ஆகும்? அதுதான். நீங்கள் களைத்து வந்து எரிச்சலோடு படுக்கப் போவது எனக்குப் பிடிக்கவில்லை.

செல்வி பெரியம்மா, 8:52
முரளி, உன் அண்ணன் அத்தோ நூடுல்ஸ் வாங்கி வந்திருக்கிறார். உனக்கும் ஒரு பொட்டலம் இருக்கிறது, பையனை அனுப்பு. அந்த விளையாட்டுக்கு மாதா மாதம் பணம் கட்ட வேண்டுமா?

முரளி சித்தப்பா, 8:53
இல்லை அண்ணி, ஒரு முறை வாங்கினால் போதும். பையன் வருகிறான்.

நித்யா, 9:04
பாப்பா இப்போதுதான் தூங்கினாள். எல்லாம் படித்தேன். கார்த்தி, நீ சொன்னதில் பாதிதான் சரி. சித்தப்பா, முதலில் ஒன்று சொல்லுங்கள். உங்கள் நெக்ரோமான்சர் கேரக்டருக்கு என்ன கவச செட் போட்டிருக்கிறீர்கள்?

முரளி சித்தப்பா, 9:05
பெர்சர்க்கர். கார்த்தி சொன்னான்.

நித்யா, 9:09
அங்கேதான் பிரச்சினை. பெர்சர்க்கர் முழுக்க அடிக்கிற செட், தாங்குகிற சக்தி இருக்காது. கார்த்தி 10 பேர் குழுவாக ரெய்டு என்ற கடினமான சண்டைக்குப் போகிறான், உயிர் ஏற்ற அவனுக்குப் பக்கத்திலேயே ஆள் இருக்கிறது. நீங்கள் தனியாக, தாமதமாக உருள்கிற இணைப்பில் போகிறீர்கள். சோல்ஜர் செட்டுக்கு மாறுங்கள். அடி குறையும், ஆனால் இரண்டு தப்பு செய்தாலும் நிற்பீர்கள். அந்தப் பல்லிகளுக்கு உயிர் மிகக் குறைவு, சுற்றிலும் பரவுகிற ஒரு அடி போதும். ஒவ்வொன்றாகக் குறி வைத்தால்தான் சாவோம்.

கார்த்தி, 9:11
ஆமாம் அக்கா. நான் விளையாடுகிற விதத்தை வைத்து அவருக்குச் சொல்லிவிட்டேன். தப்புதான் சித்தப்பா.

நித்யா, 9:18
இன்னொன்று. நீ சொன்ன லீக் ஆட்டம் மாதிரி இருப்பது ரெய்டுதான். ரெய்டு போகாமலே கதை முழுவதையும் முடிக்கலாம். காடு எல்லாரும் வந்து ஆடுகிற மைதானம். அங்கே இன்னொருவர் அடிக்கிற மிருகத்தை நீயும் அடித்தால் இரண்டு பேருக்கும் தனித்தனியாகப் பரிசு உண்டு. விழுந்து கிடந்தால் முன்பின் தெரியாதவர்கூட நின்று எழுப்பிவிட்டுப் போவார்.

நித்யா, 9:20
இப்போது இருக்கிற காடு 2015ல் இருந்த காடும் இல்லை. அப்போது எலைட் ஸ்பெஷலைசேஷன், அதாவது கேரக்டருக்குப் புதுத் திறமைகள் தருகிற பிரிவு, ஒன்றை முழுதாகத் திறக்க 400 ஹீரோ பாயிண்ட் கேட்டார்கள். ஆட்கள் சத்தம் போட்டதும் சீக்கிரமே 250 ஆக்கினார்கள். 2016 ஏப்ரல் அப்டேட்டில் தனியாகப் போகிறவர்களுக்காகக் காட்டின் கடுமையையும் குறைத்தார்கள்.

முரளி சித்தப்பா, 9:22
250ஏ எனக்கு மலைப்பாக இருக்கிறதே நித்யா. நெக்ரோமான்சரின் எலைட் ஸ்பெஷலைசேஷனான ரீப்பர் ஆக வேண்டும் என்றுதான் வாங்கினேன்.

நித்யா, 9:25
பழைய பகுதியில் ஹீரோ பாயிண்ட் தருகிற சவால் இடம் ஒன்றுக்கு 1 பாயிண்ட். காட்டில் ஒரு இடத்துக்கு 10. அப்படிப் பார்த்தால் 25 இடம்தான். ஒரு இரவுக்கு இரண்டு இடம் என்றாலும் இரண்டு வாரத்தில் ரீப்பர். கூட்டமாகச் சேர்ந்து வரிசையாக எல்லா இடத்துக்கும் போகிறவர்களும் உண்டு, அவர்கள் பின்னால் ஓடினாலே போதும்.

நித்யா, 9:27
நீங்கள் வாங்கியதில் பாத் ஆஃப் ஃபயர் என்ற அடுத்த எக்ஸ்பான்ஷனும் சேர்ந்தே வந்திருக்கும். நாளைக்கு அதில் முதல் கதைப் பகுதியை மட்டும் ஆடுங்கள். ஏறிப் போக ராப்டர் என்ற பெரிய மிருகம் ஒன்று கிடைக்கும், அந்தக் குட்டிப் பல்லி இல்லை. காட்டில் பள்ளத்தைத் தாண்ட அது பெரிய உதவி. 2015ல் வந்தவர்களுக்கு அது கிடையாது, ஏறிப் போகிற மவுண்ட் வந்ததே 2017ல்தான். அவர்கள் மிதந்து இறங்குகிற கிளைடரையும் மேலே தூக்கி எறிகிற காளானையும் வைத்தே சமாளித்தார்கள்.

முரளி சித்தப்பா, 9:30
சரி. ஆனால் எனக்கு உள்ளே இருக்கிற பயம் வேறு. பத்து நாள் தொடர்ந்து வேலை வந்தால் தொட மாட்டேன். திரும்பி வரும்போது எல்லாரும் எங்கேயோ போயிருப்பார்கள், நான் பின்தங்கிவிடுவேன்.

நித்யா, 9:38
சித்தப்பா, இதைத்தான் நான் உங்களுக்குச் சொல்ல நினைத்தேன். பாப்பா பிறந்தபோது 14 மாதம் நான் இதைத் திறக்கவே இல்லை. மற்ற ஆட்டங்களில் எக்ஸ்பான்ஷன் வந்தால் லெவல் ஏறும், பழைய கவசம் குப்பைக்குப் போகும், மறுபடியும் முதலிலிருந்து சேர்க்க வேண்டும். இதில் 2012ல் உச்ச லெவல் 80. ஹார்ட் ஆஃப் தார்ன்ஸ் வந்தபோதும் 80, இன்றைக்கும் 80. 14 மாதம் கழித்து நைட் டியூட்டி இல்லாத ஒரு நாளில் திறந்தேன். விட்ட இடத்தில் என் கேரக்டர் அதே கவசத்தோடு நின்றது. அன்றைக்கே எல்லாரோடும் சேர்ந்து ஆடினேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த ஒரு வருடத்தில் நான் தவறவிட்டது அவ்வளவு இருந்தது, இது ஒன்றாவது காத்திருந்தது.

நித்யா, 9:40
நேரம் குறைவாக இருப்பது வேறு, ஆட்டம் கடினமாக இருப்பது வேறு. இந்தக் காடு கவனம் கேட்கும், தினமும் வா என்று கேட்காது. உங்களுக்குக் குறைவாக இருப்பது நேரம்தான். யார்டில் கன்டெய்னர் நகரும்போது நீங்கள் எவ்வளவு கவனமாக இருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.

கார்த்தி, 9:43
அக்கா, காட்டின் டிராகன்ஸ் ஸ்டாண்ட் வரைபடம்? அது ஒரு மணி நேரத்தில் முடியாதே.

நித்யா, 9:46
அது நியாயமான கேள்வி. மூன்று பாதையாகப் பிரிந்து கடைசியில் மார்ட்ரெமாத் என்ற டிராகனை அடிக்கிற வரை இருக்க வேண்டும். நடுவில் பாப்பா எழுந்துவிட்டால் எனக்கு எல்லாம் போச்சு. அதை வேலை நாளில் தொடவே வேண்டாம் சித்தப்பா. டாங்கிள்ட் டெப்த்ஸ் என்ற வரைபடத்துக்கும் தனியாகப் போக வேண்டாம். மேலே கீழே என்று வழி பின்னிக் கிடக்கும். அந்த ஒரு வரைபடம் எனக்கு இன்னும் பிடிக்கவில்லை.

முரளி சித்தப்பா, 9:48
காட்டில் ஆரிக் பேசின் என்ற வரைபடம் வரை வழி திறந்திருக்கிறது. அங்கேதான் நேற்று செத்தேன்.

நித்யா, 9:50
அப்படியென்றால் இன்றைக்கே வாருங்கள். அங்கே தாரிர் என்று ஒரு பொன் நகரம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ஆக்டோவைன் என்ற ராட்சதக் கொடி அதைச் சுற்றிக்கொள்ளும். நம் நேரத்துக்கு 8:30, அடுத்தது 10:30. இருபது நிமிட வேலை. 10:10க்கு நான் நீங்கள் இருக்கிற இடத்துக்கே வருகிறேன், நடந்தே கூட்டிப் போகிறேன்.

கார்த்தி, 9:52
நானும் வருகிறேன். சித்தப்பா, உங்களுக்காகத் தானாகச் சண்டை போடுகிற மினியன்களை எடுத்துவிட்டு வேறு ஸ்கில் போடுங்கள். நான்கு வாசலிலும் நான்கு ஆக்டோவைன், நான்கும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் சாக வேண்டும், இல்லாவிட்டால் மறுபடியும் உயிர் ஏறிவிடும். நிறுத்து என்று கூட்டத்தை நடத்துகிற கமாண்டர் சொன்னால் நீங்கள் நிறுத்துவீர்கள், மினியன் நிறுத்தாது.

முரளி சித்தப்பா, 9:53
சாப்பிட்டுவிட்டு வருகிறேன்.

செல்வி பெரியம்மா, 9:55
ஆறிவிடும், முதலில் சாப்பிடு.

முரளி சித்தப்பா, 10:58
முடிந்தது!!! நான்கு பக்கமும் ஒன்றாக விழுந்தது. நகரத்துக்கு அடியில் பெட்டகம் திறந்து எங்கே பார்த்தாலும் பெட்டி. என்னிடம் சாவி மூன்றுதான் இருந்தது.

கார்த்தி, 11:00
காட்டில் ஈவென்ட் ஆட ஆடச் சாவி சேரும். வடக்கு வாசலில் ஆக்டோவைனின் உயிர் 10 சதவீதமானதும் நிறுத்தச் சொன்னபோது நீங்கள் சட்டென்று கையை எடுத்ததைப் பார்த்தேன் சித்தப்பா. பக்கத்தில் இரண்டு பேர் அடித்துக்கொண்டே இருந்தார்கள்.

நித்யா, 11:01
எத்தனை முறை விழுந்தீர்கள்?

முரளி சித்தப்பா, 11:03
இரண்டு. முதல் முறை நீ எழுப்பினாய். இரண்டாவது முறை யாரென்று தெரியவில்லை, நன்றி சொல்வதற்குள் ஓடிவிட்டார். நாளையிலிருந்து வெள்ளி வரை முதல் ஷிப்ட், 5 மணிக்கு எழ வேண்டும். சனிக்கிழமை 8:30?

நித்யா, 11:04
சனிக்கிழமை எனக்கு டியூட்டி. கார்த்தி, நீ போ. அந்த நாள் ரெய்டு வேண்டாம்.

கார்த்தி, 11:05
போகிறேன் அக்கா. 8:15க்கு வாருங்கள் சித்தப்பா, சோல்ஜர் செட்டோடு.