சூரிய வெடிப்பு இடச்சுழலா வலச்சுழலா, எப்படிப் பிரிப்பது?

வணக்கம் நண்பர்களே. பினாங்கு ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடி மொட்டைமாடியில் இரண்டு டைபோல் ஆண்டெனாக்களைக் குறுக்காகக் கட்டி 45 முதல் 80 மெகாஹெர்ட்ஸ் வரை சூரியனின் ரேடியோ அலைகளைக் கேட்கிறேன். போன வாரம் மத்தியானம் மூன்றாம் வகை ரேடியோ வெடிப்பு ஒன்று விழுந்தது, சில விநாடிகளில் மேல் அதிர்வெண்ணிலிருந்து கீழே சரிந்த கோடு, பார்த்ததும் கை நடுங்கிவிட்டது.

எனக்கு வேண்டியது அதன் முனைவாக்கம், அதாவது அலையின் மின்புலம் ஒரே கோட்டில் அதிர்கிறதா, இல்லை இடமாகவோ வலமாகவோ சுழல்கிறதா என்பது. நேர்கோட்டு முனைவாக்கம் ஃபாரடே சுழற்சியில் (காந்தப்புலமுள்ள பிளாஸ்மாவில் அலையின் அதிர்வுத் தளம் திரும்புவது) கலைந்துவிடும், மிஞ்சுவது வட்ட முனைவாக்கம்தான். முதல் வகை இரைச்சல் புயலில் (மணிக்கணக்கில், நாள்கணக்கில் நீளும் சூரிய ரேடியோ இரைச்சல்) அது வலுவாக இருக்கும், மூன்றாம் வகையில் குறைவு, அதனால் கருவியில் சின்னப் பிழை இருந்தாலும் அளவு பொய்யாகிவிடும்.

இடம், வலம் பிரிக்க ஒரு டைபோலின் சிக்னலை 90 பாகை தாமதப்படுத்தி மற்றதோடு கூட்ட வேண்டும், அதற்காக இப்போது ஒரு டைபோலுக்கு ஆர்ஜி-58 கோஆக்சியல் கேபிளை ஒரு மீட்டர் கூடுதலாகப் போட்டிருக்கிறேன். 50 மெகாஹெர்ட்ஸில் அது கால் அலை, 90 பாகை தாமதம், சரி. ஆனால் 75க்குப் போனால் 135 பாகை ஆகிவிடுகிறது, வெடிப்போ எல்லா அலைவரிசையையும் கடந்து போகிறது.

ஒரே கடிகாரத்தில் ஓடும் இரண்டு எஸ்டிஆரில் (மென்பொருள் ரேடியோ ஏற்பி) தனித்தனியாகப் பதிந்து மென்பொருளில் கூட்டுவதா, இல்லை அகலப்பட்டை 90 பாகை ஹைப்ரிட் (பட்டை முழுவதும் 90 பாகை வித்தியாசத்தோடு சிக்னல்களைக் கூட்டும் கருவி) வாங்குவதா? செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். அப்புறம், யாரிடமாவது ஹைப்ரிட் இருந்து இரவல் தர முடிந்தால் பட்டர்வொர்த், கேஎல் எங்கே என்றாலும் நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.