டர்பன் பழைய கட்டடம்: சுவர் ஓதம் நிற்கவில்லை, வழி சொல்லுங்கள்

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பழைய கிரே ஸ்ட்ரீட் பக்கம் (இப்போது டாக்டர் யூசுஃப் தாடு ஸ்ட்ரீட்) 1930களில் கட்டிய இரண்டு மாடிக் கட்டடம் ஒன்றை, தெருவில் படுப்பவர்கள் தங்க 14 அறைகளாக மாற்றி வருகிறோம். கீழ்த்தளச் சுவர்தான் பாடாய்ப் படுத்துகிறது. தரையிலிருந்து மூன்றடி வரை உப்புப் பூத்து, பெயின்ட் பொருக்குப் பொருக்காக உதிர்கிறது. விரலால் தேய்த்தால் மாவு மாதிரி கொட்டுகிறது.

ஒன்பது அங்குலச் செங்கல், சுண்ணாம்புச் சாந்து. எந்தப் புண்ணியவானோ அதன்மேல் சிமென்ட் பூசி வைத்திருக்கிறார். பிப்ரவரியில் மழைக்குழாய்களை மாற்றினோம். மேல்மாடிச் சுவரில் ஈரமே இல்லை, ஆகவே கூரைத் தண்ணீர் காரணமில்லை. ஏப்ரலில் வாட்டர்புரூஃப் பெயின்ட் இரண்டு கோட் அடித்தோம். ஆறே வாரத்தில் ஓதம் இன்னும் ஓரடி மேலே ஏறிவிட்டது. அப்புறம் சுவரில் துளை போட்டு ரசாயனம் செலுத்தியும் பார்த்தாயிற்று. காசுதான் போனது.

60 வருடத்துக்கு மேற்பட்ட கட்டடம், பழைய கட்டடங்களைக் காக்கும் 1999 சட்டப்படி அனுமதி இல்லாமல் கை வைக்க முடியாது. உள்பூச்சை மாற்ற அனுமதி வாங்கிவிட்டோம். அக்டோபரில் மழை தொடங்கிவிடும்.

சிமென்ட் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்புக் காரை பூசுவதானால், அதற்கு முன் செங்கலை எத்தனை வாரம் காயவிட வேண்டும்?